வார்ப்பிரும்பு வாக்கு

'காஸ்ட்-அயர்ன்' என்ற ஆங்கிலக் கூட்டுப் பெயரடைக்கு அகராதி இரண்டு அர்த்தம் தருகிறது. ஒன்று, வார்ப்பிரும்பாலான. மற்றது, அசைக்கமுடியாத, மறுக்கமுடியாத. காஸ்ட்-அயர்ன் சாட்சியம், காஸ்ட்-அயர்ன் உத்தரவாதம் என்பார்கள். எதைத் தின்றாலும் செரிப்பவனுக்குக் காஸ்ட்-அயர்ன் வயிறு. முதல் அர்த்தத்தின் நீட்சியே இரண்டாவது என்று மொழிபெயர்ப்பாளர்கள் நம்புகிறார்கள். அம்பத்தூரில் வேலை பார்த்தவர்களால் அப்படி நம்ப முடியாது.

1980களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய வார்ப்படச் சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே அந்த உலோகத்துக்கு 'சி.ஐ.' என்றுதான் பெயர். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுவார்கள். ஆறியபின், ஊற்றிய வழியில் உறைந்து துருத்தி நிற்கும் துண்டை அறுப்பதில்லை. சுத்தியலால் ஒரு தட்டு, ஒடிந்து விழும். எம்.எஸ். என்கிற மென் எஃகு அந்த அடிக்கு வளையும். சி.ஐ. ஒடிந்த முகம் சாம்பல் நிறமாயிருக்கும். நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு கரி. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் காத்திருக்கும் ஒரு விரிசல்.

ஒரு வருஷம் போனஸ் தகராறில் முதலாளி தரப்பில் பேச வந்தவர், பொங்கலுக்குள் பாக்கியைத் தருவதாகக் 'காஸ்ட்-அயர்ன் காரண்டி' கொடுத்தார். மோல்டிங் பகுதியின் மூத்த தொழிலாளி ஒருவர், "சி.ஐ.ன்னா கீழ போட்டா ஒடஞ்சிடும் சார். எம்.எஸ்.ல குடுங்க" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பொங்கலுக்குப் பணம் வரவில்லை. சித்திரையில் பாதி வந்தது.

அவர் சொன்னது வெறும் விகடமில்லை; விமர்சனம். உருவகத்துக்கு ஆதாரமான பொருளைத் தினமும் கையால் தொடுகிறவரின் விமர்சனம்.

ஆனாலும் உருவகம் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இங்கிலாந்தில் செவர்ன் நதிமீது 1779இல் எழுப்பிய வார்ப்பிரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. அது வளைவு, பாரம் அழுத்தமாகவே இறங்குகிறது. செஸ்டரில் டீ நதிப் பாலத்தின் நேர் உத்தரம் 1847இல் ரயில் போகையில் முறிந்து ஐந்து பேர் செத்தார்கள். பாரம் ஏறும்போது உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடும். அம்பத்தூருக்கு அடுத்த ஆவடியில் 1965 முதல் செய்த விஜயந்தா டாங்கியின் உடலும் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்ததுதான். குண்டடி படும் இடத்துக்கு யாரும் சி.ஐ.யைத் தேடவில்லை.

அந்தக் காரண்டியும் அப்படித்தான். கொடுத்தவர் மேலே உட்கார்ந்திருக்கும்வரை உறுதியாயிருந்தது. வாங்கியவர்கள் பிடித்து இழுத்தபோது முறிந்தது.

'இரும்பு உறுதி' என்று பெயர்த்தால் இந்த உள்முரண் தொலைந்துபோகிறது. வார்ப்பிரும்பு, தேனிரும்பு, எஃகு என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. நம் கவிதைகளில் பெரும்பாலும் எல்லாம் ஒரே இரும்பு: இரும்பு மனம், இரும்புக் கரம், இரும்புக் கதவு. எந்த இரும்பு என்று கேட்டால் படிமத்திடம் பதிலில்லை. யாப்பை உதறியவர்கள் இந்த அச்சுகளை உதறவில்லை. பொருளைப் பார்க்காமல் அதன் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும் கவிதை, பொங்கலுக்குள் தருகிறேன் என்பவரின் பாஷையையே பேசுகிறது.

நான் மொழிபெயர்க்கும்போது அந்த இடத்தில் 'உடையாத' என்று எழுதுவதில்லை. 'வார்ப்பிரும்பு வாக்கு' என்றே எழுதுகிறேன். சுத்தியல் பிடித்தவர்களுக்குப் புரியும்.