கத்தி தீட்டும் நேரம்

பலெர்மோத் தமிழர்களுக்கு மொண்டெல்லோ இரண்டு விதமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடும் சோற்றுப் பார்சலோடும் 806ஆம் இலக்க பஸ்ஸில் வந்திறங்கும் கடற்கரை ஒன்று. மற்ற நாட்களில், அந்தக் கரைக்குப் பின்னால் மரங்களுக்குள் மறைந்து நிற்கும் பழைய பெரிய வீடுகளுக்குத் துடைக்கவும் சமைக்கவும் வயோதிபரைப் பார்க்கவும் வந்துபோகும் இடம். அத்தானும் அப்படித்தான் தொடங்கினார். இங்கே ஒரு வீட்டில் ஏழு வருடம் நின்றார். பிறகு, சம்பளம் கூட என்று யாரோ சொல்ல, வடக்கே மொதேனாப் பக்கம் போய்ப் பன்றி இறைச்சி வெட்டும் ஆலையொன்றில் பதினொரு வருடம் வேலை செய்தார். இப்போது பலெர்மோவுக்கே திரும்பிவிட்டார்.

போன ஆகஸ்டில் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் இரவு மூன்று மணியிருக்கும், தண்ணீர் குடிக்க எழும்பினால், அத்தான் பல்கனியில் நின்று இரண்டு கைகளையும் உதறிக்கொண்டிருந்தார். ஈரக் கையை உதறுவது போல.

“விறைச்சுப் போகுது தம்பி. உதறினா வரும். நீர் போய்ப் படும்.”

மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநார்ப் பட்டைக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. நாண்கள் வீங்கினால் நரம்பு நசியும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைக்கும், இரவில் இன்னும் கூடும். கார்ப்பல் டனல் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதை ‘கை வியாதி’ என்றுதான் சொன்னா.

மொதேனாவுக்கு அருகே காஸ்டெல்நுவோவோ ரங்கோனே என்றொரு ஊர். ஊர்ச் சதுக்கத்தில் வெண்கலத்தில் பன்றிக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தின் சோறு அதுதான் என்பதால் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டுகிறவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டார். அவர்களில் பலர் ஆலையின் ஆட்களாக இல்லாமல், கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைக்காரர்களின் ஆட்களாகவே எழுதப்பட்டிருந்தார்கள். 2017இல் அந்த ஊரிலேயே அப்படிப்பட்ட தொழிலாளர்கள் ஓர் ஆலை வாசலில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மனியிலும் இதே கதைதான். 2020 ஜூனில் ரேடா-வீடன்புரூக்கில் தோனீஸ் ஆலையில் 1,500க்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்த பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 2021 ஜனவரியிலிருந்து பெரிய ஆலைகளில் அறுக்கிற, வெட்டுகிற வேலைக்கு உப-ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைப்பதைத் தடை செய்தார்கள். கிருமி வந்ததால் இடைக்காரன் போனான். மணிக்கட்டு வீங்கியதற்காக ஒரு சட்டமும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

அத்தானின் வேலை முன்னந்தொடையில் எலும்பு பிரிப்பது. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கத்தி. பெல்ட்டில் துண்டு வரும், இடது கையால் இறுக்கிப் பிடித்து, எலும்பைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, எலும்பை முறுக்கி எடுக்க வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

“குளிர்தான் பெரிசு” என்றார். “இறைச்சியும் குளிர், இரும்பும் குளிர்.”

அந்தக் குளிரின் அளவு எனக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 ஒழுங்குவிதி சொல்கிறது: வெட்டும்போது இறைச்சி 7 பாகைக்கு மேல் போகக் கூடாது, உள்ளுறுப்புகள் 3 பாகை, அறை 12 பாகைக்கு மேல் போகக் கூடாது, கத்தி கழுவும் தண்ணீர் 82 பாகைக்குக் குறையக் கூடாது. இறைச்சிக்கும் அறைக்கும் கத்திக்கும் தனித்தனி எண் உண்டு. கத்தியைப் பிடிக்கிற கைக்கு அந்த விதியில் எண் இல்லை. அது உணவுச் சுகாதார விதி என்பதால் இருக்கவும் நியாயமில்லைத்தான். இருந்தாலும் ஆலைச் சுவரில் ஒட்டப்படுவது அதுதான்.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று அத்தான் கேட்டார். நான் மழுப்பினேன்.

ஐந்து வருடங்களுக்கு முன், இங்கிலாந்தின் வடக்கே ஓர் இறைச்சி ஆலைக்கு உற்பத்திக் கண்காணிப்பு மென்பொருள் செய்துகொடுத்த குழுவில் நான் இருந்தேன். வெள்ளைக் கோட்டும் நீலத் தலைவலையும் போட்டு இரண்டு கிழமை அங்கே நின்றேன். பெல்ட்டோடு நின்றவர்களில் எவரோடும் பத்து வார்த்தை கதைக்கவில்லை. இறைச்சி 7 பாகையைத் தாண்டினால் எச்சரிக்கை, பெல்ட் நின்றால் எச்சரிக்கை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவர் எத்தனை கிலோ. சில விநாடித் தடங்கல்களுக்கு எங்கள் தொழிலில் ‘மைக்ரோ ஸ்டொப்’ என்று பெயர். அவற்றில் மிக அதிகமாக வந்தது கத்தி தீட்டுவது. நான் அதை ‘இழப்பு’ என்ற வகையில் போட்டேன். அது கூடினால் அந்த ஆளின் பெட்டி திரையில் சிவப்பாகும். வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊரில் பங்கு இறைச்சி போடும் நாட்கள் ஞாபகம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கிடாய். வெட்டுகிறவர் நாலு வெட்டுக்கு ஒருதரம் நிமிர்ந்து, கத்தியைத் தீட்டி, வெற்றிலையைத் துப்பி, ஒரு கதை சொல்லி, பிறகுதான் குனிவார். பனையோலைப் பைகளோடு நிற்கும் நாங்கள் அந்தரப்படுவோம். அவருடைய கைக்கு ஒன்றும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

“கத்தி மழுங்கினா கையாலதான் வெட்ட வேணும்” என்றார் அத்தான். “தீட்டேக்கதான் விரலும் கொஞ்சம் விரியும். அதுக்கும் சுப்பர்வைசர் பார்ப்பான்.”

இத்தாலியின் தொழில்நோய்ப் பட்டியலில் இந்த வியாதி இருக்கிறது. அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்த வேலை என்று காட்டிவிட்டால், வேலையால்தான் வந்தது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. இனாயில் காப்புறுதி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பத்ரொனாத்தோவில் காசில்லாமல் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார்கள். வேலையை விவரமாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார்களாம். அத்தான் மூன்று மாதமாக எழுதவில்லை. “கையாலாகாதவன் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதா?”

மருமகள்தான் விடவில்லை. பலெர்மோவில் பிறந்தவள், இந்த ஊர்க்காரர் போலவே சண்டை பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோ மணலில் குடையின் கீழே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டாள். நிமிடத்துக்கு எத்தனை தரம் கை அசையும் என்பதில் வந்து நின்றது.

அதற்கும் இத்தாலியரே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மிலானோ ஆய்வாளர்கள் ஒக்கிப்பிந்தியும் கொலொம்பினியும் 1990களில் உருவாக்கிய ஒக்ரா முறை இப்போது சர்வதேசத் தரத்திலும் உண்டு. எல்லாம் சரியாக இருக்கும் இடத்தில் ஒரு கைக்கு நிமிடத்துக்கு 30 அசைவு என்று தொடங்கி, பலம் கூடினால், மணிக்கட்டு வளைந்தால், குளிர் இருந்தால், ஓய்வு இல்லாவிட்டால் அந்த 30ஐக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஐம்பது நிமிட வேலைக்குப் பத்து நிமிட ஓய்வு. கத்தி தீட்டும் சில விநாடிகளை அந்த முறை ஓய்வாகக் கணக்கெடுக்காது. அத்தானுக்கு அதுவாவது இருந்தது.

ஐஸ்கிரீம் கரண்டியைக் கையில் கொடுத்து, “செய்து காட்டுங்கோ” என்றேன். முதலில் வெட்கப்பட்டார். பக்கத்துக் குடைக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு முகம் மாறியது. தோள் இறங்கி, இடது கை இல்லாத தொடையை இறுக்க, கரண்டி சுற்றிச் சுற்றி ஓடியது. அரை நிமிடத்தில் வலது கை 27. “பெல்ட் இதைவிடக் கெதி” என்று நிறுத்தினார். விரல்கள் விரியவில்லை, அக்காதான் கரண்டியை எடுத்தா.

மருமகள் 54 என்று எழுதினாள். அப்போதுதான் அத்தானுக்கு அந்தத் திரையைப் பற்றிச் சொன்னேன், சிவப்புப் பெட்டியையும்.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். “எங்கட தலைக்கு மேலயும் ஒண்டு தொங்கினது. அதைச் செய்தவனை நாங்கள் பேசாத பேச்சில்லை” என்றார். அக்கா சிரித்தா. அவர் சிரிக்கவில்லை.

“வலது கையா இடது கையா எண்டு போடவேணும் அப்பா” என்றாள் மருமகள்.

“ரெண்டும் எண்டு போடு.”