உம்மாவின் திரிகை



லண்டன் போய் வந்தவர்கள் தேம்ஸ் நதியைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் சொல்வார்கள். அவற்றை நானும் பார்த்தேன்; புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுத நினைப்பது மா அரைக்கிற ஓர் ஆலையைப் பற்றி. அதைப் பார்த்து வந்த பிறகு, உடுவிலில் என் வீட்டுக் கோடிப்புறத்தில் கிடந்த ஒரு பொருளை என்னால் நிம்மதியாகக் கடந்து போக முடியவில்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ராத்தாவின் மூத்த மகளுடைய நிக்காஹ்வுக்காகப் போயிருந்தேன். ராத்தா தென் லண்டனில் குடியிருக்கிறார். நிக்காஹ் முடிந்து, சாப்பாட்டுச் சட்டிகள் எல்லாம் கழுவி அடுக்கப்பட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "தம்பி, வா, உனக்கு ஒரு மில் காட்டுறன்" என்றார். பிரிக்ஸ்டன் என்ற இடத்துக்கு பஸ்ஸில் போனோம். கடைகளும் நெரிசலுமான பெருந்தெருவில் இறங்கி, வீடுகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் ஒரு சின்னப் பூங்கா. அதன் நடுவில் ஏறக்குறைய 40 அடி உயரத்தில், தார் பூசிய கறுப்புச் செங்கல் கோபுரம். மேலே படகைக் கவிழ்த்து வைத்தது போன்ற வெள்ளைத் தொப்பி. அதில் நான்கு பெரிய மர இறக்கைகள். கொஞ்சத் தூரத்தில் சிறைச்சாலையின் நீண்ட மதில்.

அந்தக் காற்றாலை 1816இல் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் அது லண்டன் பட்டணம் அல்ல, வயல்வெளி. ஆஷ்பி என்றொரு குடும்பம் அதில் கோதுமை அரைத்துப் பிழைத்தது. பட்டணம் வளர வளரச் சுற்றிவர வீடுகள் எழும்பி, வருகிற காற்றை மறித்துவிட்டன. 1862இல் ஆஷ்பி குடும்பத்தார் தொழிலை மிச்சம் என்ற ஊரின் ஆற்றங்கரைக்கு, நீர் சுழற்றும் ஆலை ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் இறக்கைகளையும் கழற்றிவிட்டார்கள். இறக்கை இல்லாத கோபுரம் நாற்பது வருடம் வெறும் களஞ்சியமாக நின்றது. 1902இல் ஆற்றங்கரை ஆலையின் குத்தகை முடிய, குடும்பம் திரும்பி வந்தது. கோபுரத்துக்குள்ளே சின்னதாக ஓர் அரைக்கும் இயந்திரத்தைப் பூட்டி, எஞ்சின் வைத்து ஓட்டினார்கள். 1934இல் அதுவும் நின்றது.

காற்றை மறித்ததால் போய், நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்த குடும்பம் என்று கேட்டவுடன் நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா என்னைப் பார்க்கவில்லை.

1964இல் நகர நிர்வாகம் வேறோர் ஊரின் பழைய ஆலையிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து அதற்கு மறுபடி இறக்கை பூட்டியது. பிறகு யாரும் கவனிக்காமல் பழையபடி பாழாகியது. 2003இல் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் கூடி 'நண்பர்கள்' என்று ஒரு சங்கம் வைத்து, எழுதி, கேட்டு, பணம் திரட்டி, 2011ஆம் ஆண்டு மே மாதம் அதைத் திறந்துவிட்டார்கள். கட்டிடம் இன்றும் நகரசபைக்குத்தான் சொந்தம். கூட்டுவதும், எண்ணெய் போடுவதும், வருகிறவர்களை ஏற்றி இறக்கிக் காட்டுவதும், மா அரைத்துப் பையில் கட்டுவதும் அந்த அயலவர்கள்.

எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. உள்ளே படி இல்லை, செங்குத்தான மர ஏணிதான். ஜுப்பாவோடு ஏணி ஏறுவது எப்படி என்று எந்த அரபுக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. ஒரு கையால் ஜுப்பாவைச் சுருட்டிப் பிடித்து, மறு கையால் கயிற்றைப் பிடித்து நான் ஏறிய விதத்தைப் பார்த்து எனக்குப் பின்னால் வந்த சிறுவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்மணியோ நூறு தரம் ஏறியவர் போல விறுவிறென்று போய்விட்டார்.

ஆலை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது உங்களுக்குத் தெரிந்த விடயம்தான். தானிய மூட்டையை மேல் தட்டுக்கு இழுத்து ஏற்றுகிறார்கள். அங்கிருந்து அது மரப்பெட்டி வழியாகச் சிறிது சிறிதாகக் கல்லின் கண்ணுக்குள் விழுகிறது. கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். எங்கள் திரிகையேதான்! நாம் ஒரு கையால் பிடியைச் சுற்றி மறு கையால் குரக்கனைப் பிடி பிடியாகப் போடுகிறோம். அங்கே பிடியைக் காற்று சுற்றியது. தானியம் போடுகிற கையின் வேலையை ஓர் இரும்புத் தண்டு செய்கிறது. கல் சுற்றும்போது அது தட்டித் தட்டித் தானியத்தை உதிர்க்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கன்னிப்பெண்'. ஓயாமல் சளசளவென்று சத்தம் போடுவதால் அந்தப் பெயராம். இதைக் கேட்டு நான் சிரிக்க, ராத்தா, "அவள் வாய் மூடினா மா விழாது எண்டதையும் கேளு" என்றார். அது உண்மைதான். தானியம் இல்லாமல் கல்லோடு கல் உரசினால் பொறி பறக்கும், கல்லும் பாழாகும்.

இப்போது அங்கே அரைப்பது காற்றால் அல்ல. 1902இல் பூட்டிய சின்ன இயந்திரத்தை மின்சார மோட்டரால் ஓட்டுகிறார்கள். அதை அந்தப் பெண்மணி மறைக்கவில்லை. காற்று தோற்றுப்போன இடத்தில் மின்சாரத்தால் அரைத்துவிட்டு, காற்றாலை மா என்று விற்கலாமா என்று என் மனதில் ஒரு ஃபிக்ஹு மஸ்அலா ஓடியது. ஆனால் உள்ளதை உள்ளபடி முதலிலேயே சொல்லிவிடுகிறார்களே, அதற்குமேல் நான் என்ன கேட்பது?

காற்றாலையை ஐரோப்பியர் சொத்தென்று நினைத்திருந்த எனக்கு, ஓதும் காலத்தில் படித்தது ஒன்று அங்கே ஞாபகம் வந்தது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதி, 956இல் வஃபாத்தானவர், தம் 'முரூஜுத் தஹப்' நூலில் ஸிஜிஸ்தான் நாட்டைப் பற்றிச் சொல்கிறார். காற்றும் மணலும் நிறைந்த அந்தத் தேசத்தில் காற்றைக் கொண்டே ஆலைகளைச் சுற்றித் தோட்டங்களுக்கு நீர் இறைத்தார்கள் என்பது அவர் தரும் செய்தி. ஐரோப்பாவில் காற்றாலை பற்றிய பேச்சு எழுவதற்கு இருநூறு வருடம் முந்திய செய்தி அது. அந்த ஆலைகளின் இறக்கை இவற்றைப் போலப் பிள்ளைகளின் காற்றாடி மாதிரிச் சுற்றாது. மோர் கடையும் மத்தைப் போல நிமிர்ந்து நின்று சுற்றும். ஈரானின் குராஸான் பகுதியில் நஷ்திஃபான் என்ற ஊரில், மண்ணும் வைக்கோலும் மரமும் கொண்டு கட்டிய அப்படிப்பட்ட ஆலைகள் ஏறக்குறைய முப்பது இன்றும் நிற்கின்றன. அங்கேயும் கூலி வாங்காத ஒரு முதியவர் நெடுங்காலம் அவற்றைக் காத்து வந்தார். எங்கள் யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்த ஒல்லாந்தரின் நாட்டில், 1972இல் சம்பளமில்லாத ஆலைக்காரர்கள் சேர்ந்து சங்கமே அமைத்தார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்த நாட்டு ஆலைக்காரரின் கைத்தொழிலை உலக மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

"உங்களுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று அந்தப் பெண்மணியிடம் கேட்கச் சொன்னேன். ராத்தா வெட்கப்பட்டாலும் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, ஒன்றும் இல்லை, தேநீர்கூட வீட்டிலிருந்துதான் என்றார். பிறகு ஏன் என்றேன். "என் ஜன்னலைத் திறந்தால் இது தெரிகிறது. பாழாய்க் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?" என்றார்.

கீழே, கழற்றி வைத்த ஒரு கல்லைக் காட்டினார். அதன் முகத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை வரிவரியாக வெட்டியிருந்தது. அந்த வரி தேய்ந்தால் மா வராது, தானியம் நசுங்கி வெளியே வரும். அதனால் உளி கொண்டு மறுபடி வெட்டவேண்டும் என்று விளக்கினார். ராத்தா அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே, "பொளியிறது" என்று தமிழில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உம்மான்ர திரிகை உன்னட்டத்தானே கிடக்கு? பொளிஞ்சு வச்சிருக்கிறியா?" என்று கேட்டார்.

நான், "கிடக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் திரிகையின் கதை இது. வாப்பாவுக்குச் சுன்னாகம் சந்தையில் ஒரு சின்னக் கடை. அதனால் நாங்கள் உடுவிலில் வாடகைக்கு இருந்தோம். 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரியின் மணிச் சத்தத்தை வைத்துத்தான் உம்மா உலை வைப்பார். பக்கத்து வளவில் ஓர் ஆச்சி. வேலிப் பொட்டு வழியாகக் கறியும் புட்டும் போய் வரும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற கட்டளை வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவால் தூக்க முடியாதது திரிகை ஒன்றுதான். ஆச்சியின் வாசலில் அதை உருட்டிக்கொண்டுபோய் வைத்து, "ஆச்சி, இது அமானிதம். பொளியக் குடுக்க வேணும் எண்டு இருந்தனான், அதுக்கிடையில..." என்றார். மீதியைச் சொல்லவில்லை. புத்தளத்தில் அகதி முகாம், பிறகு ஓலைக் குடிசை, பிறகு கல்வீடு என்று பதினாறு வருடம் இருந்து, 2006இல் உம்மா அங்கேயே மவுத்தானார்.

2010இல் ஆசிரியர் இடமாற்றத்தில் நான் யாழ்ப்பாணம் வந்து, அதே ஒழுங்கையில் வாடகை வீடு எடுத்தேன். மூன்றாம் நாள் ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். "நீ அந்தக் கடைக்கார வாப்பான்ர பெடியன்தானே? உன்ர உம்மான்ர திரிகை கிடக்கு, வந்து தூக்கு."

1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததே, அதுவும் ஒக்டோபர் 30ஆம் திகதிதான். எங்களை அனுப்பி ஐந்து வருடம் முடிந்த அதே நாளில் ஆச்சியும் வீட்டை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்திருக்கிறார். "நகையை இடுப்பில கட்டினன். திரிகையைத் தூக்க ஏலாது, மாட்டுக் கொட்டிலுக்குள்ள தாட்டுப்போட்டுப் போனன்" என்றார். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கொட்டிலைத் தோண்டித் திரிகையை எடுத்து, கழுவி, அறைக்குள் வைத்திருக்கிறார். ஆச்சி அதில் ஒரு நாளாவது அரைத்தாரா என்று கேட்டேன். "ஆற்றையோ பொருள். கேக்காமல் அரைக்கலாமோ?" என்றார்.

அமானிதத்தைப் பற்றி நான் வகுப்பில் எத்தனை பாடம் நடத்தியிருப்பேன்! அப்படிப்பட்ட பொருளை வாங்கி வந்த நான் என்ன செய்தேன்? இரண்டு நாள் எல்லாருக்கும் காட்டினேன். பிறகு மிக்ஸி இருக்கிற வீட்டில் அதற்கு என்ன வேலை என்று கோடிப்புறத்தில் வைத்தோம். கீழ்க்கல் மழையில் பாசி பிடித்தது. மேற்கல்லைக் கோழிக்கூட்டுக் கதவுக்குப் பாரமாகச் சாத்தியது நானேதான். ஆச்சி 2014இல் காலமானார். அவர் கடைசி வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து போகும்போது அந்தக் கோழிக்கூட்டைப் பார்த்திருப்பார். ஒன்றும் சொன்னதில்லை.

லண்டனிலிருந்து திரும்பியபோது சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பளையில் 2014 முதல் நிற்கிற மின்சாரக் காற்றாலைகள் பஸ் ஜன்னலுக்கு வெளியே சுழன்றன. வீட்டுக்கு வந்ததும், பெட்டியைத் திறக்காமலே கோடிப்புறம் போய்க் கல்லை எடுத்தேன். மனைவி, "பயணம் போய் வந்த மனுசன் முதலில கோழிக்கூட்டுக்கா போவார்?" என்றார்.

அம்மி பொளிகிறவர்கள் முன்பு தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது தேடவேண்டும். இரண்டு மாதம் கழித்து, இணுவில் பக்கத்தில் அந்தத் தொழிலை விட்டுவிட்ட ஒருவரைப் பிடித்தோம். உளியைத் தேடி எடுக்கவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் லுஹர் பாங்கு நேரம் எழும்பினார். தேய்ந்து வழுவழுத்த முகத்தில் புள்ளி புள்ளியாக அம்மைத் தழும்பு போல எழுந்திருந்தது. நடுமுளை உக்கிப் போயிருந்ததால் புதிதாக ஒன்று செதுக்கி இறுக்கித் தந்தார். கூலியை வாங்கிக்கொண்டு, "இன்னும் நாப்பது வருசத்துக்குப் பயமில்லை" என்றார்.

என் இரண்டு பெண்மக்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பிடியைச் சுற்றினார்கள். வறுத்த பயறு அரைபட்ட வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. ஒரு கிலோ பயற்றம் மாவைப் பொட்டலம் கட்டி ராத்தாவுக்குத் தபாலில் அனுப்பினேன். மாவின் விலையைப் போலப் பல மடங்கு தபால் செலவு. பொட்டலம் போய்ச் சேர்ந்த அன்று இரவே தொலைபேசி வந்தது. அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"டேய், மண் கடிக்குது!" என்றார் ராத்தா. "புதுசாப் பொளிஞ்ச கல்லில முதல் அரைவையைத் தவிடு போட்டு அரைச்சுக் கோழிக்குப் போடோணும். உம்மா அப்படித்தானே செய்வா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பத்து வயதில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. கோழிகளுக்கு அடுத்த நாளே தவிட்டு மா கிடைத்தது. இரண்டாவது பொட்டலத்தை வரும் வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும் என்று மூத்தவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.