நெற்றிக் கண்ணைக் கண்டது யார்?

“குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் போகலாம்.”

சிநேகிதிகளே, இந்த வாக்கியத்தைச் சொல்லாத தாயார் உங்களில் யாராவது உண்டா? நான் சொல்லியிருக்கிறேன். என் சிநேகிதி என்னைவிட அதிகமாகச் சொல்லியிருக்கிறாள். மூத்தவனுக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், முளைத்தது. நடக்கட்டும் என்றாள், நடந்தான், ஓடினான், மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கவும் ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்று காத்திருந்தபோது சின்னவள் பிறந்துவிட்டாள். கணக்கு மறுபடியும் முதல் பல்லிலிருந்து தொடங்கியது!

இப்படி நாங்கள் நாலு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பிரயாணம் காசிக்கோ காஷ்மீருக்கோ அல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டுப் பாதையில், மின்சார ரயிலிலேயே போய் இறங்கக்கூடிய சிங்கப்பெருமாள் கோவிலுக்குத்தான்.

கடைசியில் எங்களைக் கிளப்பிவிட்டது பக்தி அல்ல, ஒரு மாற்றல் உத்தரவு. அவள் கணவருக்குப் புனாவில் உத்தியோகம். அடுத்த வாரம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள்.

“இந்த ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் அப்புறம் எப்பவோடீ?” என்றாள் டெலிபோனில். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகிக் குழந்தை இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த நாளில், அவளுடைய தாயார் அவளை இந்தக் கோவிலுக்கு அழைத்துப் போயிருந்தார். இங்கே நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. தீபாராதனையின்போது பட்டாச்சாரியார் திருமண் காப்பைச் சற்றே உயர்த்தி அந்தக் கண்ணைக் காட்டுவார். என் சிநேகிதியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தாள். திறப்பதற்குள் தரிசனம் முடிந்துவிட்டது. “அதனாலென்ன? அடுத்த தடவை குழந்தையோடு வந்து பார்த்துக்கொள்” என்று சிரித்தாராம் அம்மா. குழந்தை வந்தது, அம்மா இப்போது இல்லை.

* * *

நான் மாம்பலத்தில் ஏறினேன். அவள் தாம்பரத்தில் மகளிர் பெட்டியைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்து சேர்ந்தவர்கள் மூவர்: அவள், ஐந்து வயசுப் பையன், இடுப்பில் ஒன்பது மாசப் பெண். கூடவே ஒரு பெரிய பை. அதற்குள் பால் புட்டி, வெந்நீர், மாற்றுத் துணி, அதற்கும் மாற்று, கிலுகிலுப்பை, ஒரு தகர டப்பா நிறைய அரிசிப் பொரி! முன்பு நாங்கள் இரண்டு பேரும் கல்லூரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மகாபலிபுரம் போன நாளில் எங்களிடம் இருந்தது ஒரு கைக்குட்டையும் ஒரு குடையும்தான்.

தாம்பரத்துக்கும் மின்சார ரயிலுக்கும் உள்ள சொந்தம் 1931-இல் ஆரம்பமானது. அந்த ஆண்டுதான் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. குறுகலான அந்தச் சின்ன ரயிலில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போன ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். 2004-இல் அது ஓய்வு பெற்றது. இப்போது ஓடுவது அகலப் பாதை வண்டி. ஆனாலும் முழங்கால்கள் என்னவோ இடித்துக்கொண்டுதான் இருக்கின்றன!

தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர், அப்புறம் வண்டலூர். இங்கே பெரியவனைச் சமாளிப்பது பெரும் பாடாகிவிட்டது. மிருகக்காட்சிசாலை என்ற பேச்சு காதில் விழுந்துவிட்டதே! 1855-இல் சென்னைப் பட்டணத்தில் தோன்றிய பழைய மிருகக்காட்சிசாலைதான் 1985-இல் இங்கே விஸ்தாரமான காட்டுக்குக் குடிவந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆயிற்று. “சிங்கம் பார்க்கணும்!” என்று பையன் காலை உதைத்தான்.

“நாம் போகிற இடத்திலும் சிங்கம் இருக்கிறது. அதுவும் மூன்று கண் உள்ள சிங்கம்” என்றேன்.

அழுகை நின்றது. “வண்டலூர் சிங்கத்துக்கு?”

“இரண்டுதான்.”

“அப்போ அங்கேயே போகலாம்” என்று தீர்ப்பளித்துவிட்டான்.

கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. அடுத்து மறைமலை நகர். நான் வரும் வழியில் தாண்டி வந்த பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர். அடிகள் அப்போது சுவாமி வேதாசலம். 1916-இல் ஒரு நாள் தம் மகள் நீலாம்பிகையோடு வீட்டுத் தோட்டத்தில் உலாவியபடி வள்ளலாரின் பாட்டு ஒன்றைப் பாடினாராம். அதில் ‘தேகம்’ என்ற வடசொல் வந்த இடத்தில் ‘யாக்கை’ என்று இருந்தால் இன்னும் அழகாயிருக்குமே என்று மகளிடம் சொன்னார். அப்படியானால் இனி நாம் தமிழ்ச் சொற்களையே கொண்டு பேசலாமே என்றாளாம் அந்தச் சிறு பெண். தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதையை இப்படித்தான் சொல்வார்கள். வேதாசலம் மறைமலையானார்.

என்னை யோசிக்க வைத்தது மொழி விவகாரம் அல்ல. (அடிகள் இந்தக் கட்டுரையைப் படித்தால் எத்தனை சொற்களை அடித்துத் திருத்துவாரோ!) சாயங்காலம் உலாவுகிற ஒரு தகப்பனார் மகளுடைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார், பாருங்கள், அதுதான். “சும்மா இரு, அப்புறம் சொல்லு” என்று அவர் சொல்லியிருந்தால்? அன்று காலையில் மட்டும் நானே என் வீட்டில் “அப்புறம் சொல்லு” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

* * *

குன்றின்மேல் கோவில் என்றதும் பழனியையோ பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தையோ நினைத்து மலைத்துவிடாதீர்கள். இது சின்னஞ்சிறு குன்று. சில படிகள் ஏறினால் மண்டபம். அதற்கப்பால் பாறையைக் குடைந்து அமைத்த கர்ப்பக்கிருகம். பல்லவர் காலத்துக் குடைவரை என்கிறார்கள்; சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் உண்டு. ஜாபாலி முனிவரின் தவத்துக்கு இரங்கி, இரணியனைக் கொன்ற கோபம் தணியாத சிவந்த கண்களோடு பெருமாள் இங்கே காட்சி கொடுத்தார் என்பது ஸ்தல புராணம். பாடலம் என்றால் சிவப்பு. அத்ரி என்றால் மலை. ஆகவே இவர் பாடலாத்ரி நரசிம்மர். தாயார் அஹோபிலவல்லி. ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திருப்பதிகளில் இந்த ஊர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது!

நெரிசலில் பெரியவன் எப்படியோ நழுவி முன்வரிசைக்குப் போய்விட்டான். மூர்த்தி எதிரே ஓங்கி உட்கார்ந்திருக்கிறார். பாறையோடு பாறையாக இருக்கும் அந்த உருவத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு நடுக்கம். பிறகு என்னவோ ஒரு தைரியம். பட்டாச்சாரியார் கற்பூரத் தட்டை எடுத்தார். “நெற்றியைச் சேவிச்சுக்கோங்கோ” என்றார். நான் கைகளைக் கூப்பிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். திருமண் மேலே உயர்ந்தது. கற்பூர ஒளியில் நெற்றிக் கண் பளிச்சென்று தெரிந்தது. ஒரு நொடிதான்.

அந்த நொடியில்தான் பின்னால் சின்னவள் வீரிட்டாள். யாருடைய வளையோ கன்னத்தில் உரசிவிட்டது. என் சிநேகிதி குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது திருமண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. “நகருங்கோ, நகருங்கோ” என்றது கூட்டம்.

வெளியே வந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். எனக்கு உறுத்தியது எது தெரியுமா? அவளைப் பார்க்க வைக்க வேண்டுமென்று கூடவே வந்தவள் நான். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. குழந்தையை ஒரு நிமிஷம் வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லையே!

மூலவர் பாறையிலேயே இருப்பதால் அவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். சுற்றினோம். பின்புறம் ஓர் அழிஞ்சில் மரம் இருக்கிறது. கல்யாணமும் குழந்தையும் வேண்டி வருகிற பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிற மரம். ஆறு வருஷத்துக்கு முன்னால் தாயும் மகளுமாக நின்ற இடத்தில் இன்று மகள் தாயாக நின்றாள். குழந்தையின் கையைப் பிடித்து மரத்தைத் தொட வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

“இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடலாம், வா. இந்தத் தடவை குழந்தை என்னிடம் இருக்கட்டும்” என்றேன்.

அவசரமாக ஏறினோம். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டார்கள்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்” என்றாள்.

அப்போது பையன் அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கினான். “அம்மா! சாமி நெத்தியிலே ஒரு கதவு இருக்கு. அந்த மாமா கதவைத் திறந்தார். உள்ளே கண்ணு இருக்கு!”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேனே! சாமியும் என்னைப் பார்த்தது.”

“கோபமாகவா பார்த்தது?”

பையன் யோசித்தான். “இல்லே. பாப்பா தூங்கி எழுந்ததும் பார்க்குமே, அந்த மாதிரி.”

உக்கிர நரசிம்மரைப் பற்றி எத்தனையோ வர்ணனைகள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. எதிரே நின்று பயப்படாமல் பார்த்த பிரகலாதனும் ஒரு சிறு பிள்ளைதானே? என் சிநேகிதி அவனை வாரி அணைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றாள். அவன் சொன்னான். ‘அப்புறம் சொல்லு’ இல்லை. ‘இன்னொரு தடவை சொல்லு’! அன்று அவள் அதை ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பாள்.

* * *

வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில்தான் திருக்கச்சூர்; ஆட்டோவில் கொஞ்ச நேரப் பிரயாணம். அங்கே கச்சபேசுவரர் கோவிலும் நடை சாத்தியிருந்தது. ஆனால் எங்களுக்கு அப்போது வேண்டியது நிழல்தான். கோவிலருகே ஒரு மரத்தடியில் புளியஞ்சாதமும் தயிர் சாதமும் கட்டி வந்த டப்பாக்களைத் திறந்தோம்.

சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார்: சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊருக்கு வந்தபோது உச்சிவேளை. அமுது கொண்டு வருகிறவர்கள் வந்து சேரவில்லை, பசி தாங்கவில்லை. சிவபெருமான் ஒரு வேதியராக வந்து, “சற்று இரும்” என்று சொல்லிவிட்டு, கொளுத்துகிற வெயிலில் ஓடு ஏந்தி வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்து வந்து அவருக்குச் சோறு போட்டாராம். தாம் சாப்பிட்டதாகப் புராணத்தில் இல்லை. பசித்தவனுக்கு முதலில், தமக்குப் பிறகு! இந்த வழக்கம் எந்த வீட்டுச் சமையலறையில் நடக்கிறது என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

பையனுக்கு ஊட்டினாள். சின்னவளுக்குப் பால் கொடுத்தாள். பிறகு தனக்கென்று ஒரு பிடி எடுத்தபோது சின்னவள் சிணுங்கினாள். இந்தத் தடவை நான் கோட்டை விடவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குளக்கரைப் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆமைகள் இருக்கின்றனவா என்று பையனோடு தேடினேன். (கச்சபம் என்றால் ஆமை, திருமால் ஆமையாக வந்து இங்கே சிவனைப் பூஜித்தார் என்பது புராணம்.) ஆமை ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் திரும்பியபோது டப்பா காலியாக இருந்தது. அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நடுவில் எழுந்திருக்காமல் ஒரு வேளை சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாடீ!” என்றாள்.

நெற்றிக் கண்ணைப் பார்க்காமல் போனதற்கு அது ஈடாகுமா என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோது ஈடாகும் என்றே தோன்றியது.

* * *

சிநேகிதிகளே, நீங்களும் போய் வாருங்கள். செங்கற்பட்டு போகும் மின்சார ரயில் சிங்கப்பெருமாள் கோவிலில் நிற்கும். காலையிலேயே கிளம்புங்கள், மத்தியானத்தில் நடை சாத்திவிடுவார்கள். விசேஷ நாட்களைத் தவிர்த்தால் நின்று நிதானமாகச் சேவிக்கலாம். குடிக்கத் தண்ணீரும் குழந்தைகளுக்குத் தொப்பியும் அவசியம். எல்லாவற்றையும்விட அவசியமாக ஒரு சிநேகிதியை அழைத்துக்கொண்டு போங்கள். தீபாராதனை மணி அடித்ததும் அவளிடமிருந்து குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். அடுத்த தீபாராதனைக்கு அவள் உங்கள் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். குழந்தை பெரிசாகட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். பெரிசானால் அது நெற்றியில் கதவு இருப்பதாகச் சொல்லாது.

போன வாரம் புனாவிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பையன் காகிதத்தில் வரைந்த சிங்கம். பிடரி இருந்தது, பல் இருந்தது, நெற்றியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த கண் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது.

கீழே என் சிநேகிதி ஒரே வரி எழுதியிருந்தாள்: “பார்த்துவிட்டேன்!”