அக்காவின் போனும் 107 ரூபாயும்

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். திருமயம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். வயது 72. அத்தான் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. "திருச்சிக்கு வந்து எங்களோடு இரு" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. "மாட்ட யாரு பாப்பா?" என்பதுதான் பதில்.

வருடம் தவறாமல் ஆடி பதினெட்டு அன்று காலையில் அக்காவிடமிருந்து போன் வரும். இந்த வருடம் வரவில்லை. நான் கூப்பிட்டேன். இந்த எண்ணுக்கு இப்போது அழைப்பு வசதி இல்லை என்கிற மாதிரி ஒரு பதிவுக் குரல். மறுநாளும் அதே குரல். ஒரு வாத்தியாருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கோ வேறு ஒன்று தோன்றியது. பேத்தி காதுகுத்துக்கு அக்காவிடம் கடைசி நேரத்தில்தான் சொன்னேன், நேரில் போய் அழைக்கவில்லை. அந்தக் கோபத்தில் போனை அணைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சரி, கோபம் தணியட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டேன், பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் மனசு கேட்கவில்லை. பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், இடது கையில் மாவுக்கட்டு. மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து எட்டு நாள் ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்தான் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான்.

"ஏன்க்கா எனக்குச் சொல்லல?"

"சொல்லாம என்ன? விழுந்த அன்னைக்கே உன் நம்பரத்தான் அமுக்குனேன். அந்தப் பொம்பளதான் பேசுறா."

ரீசார்ஜ் செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அக்காவிடம் இருப்பது பட்டன் போன். ஒரு காலத்தில் 99 ரூபாய் போட்டால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது ஏறி 179 ஆனது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் தனியார் கம்பெனிகள் எல்லாம் கட்டணத்தை உயர்த்தியபோது 199 ஆகிவிட்டது. கடைக்காரர் 199 என்றதும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டாராம். முதலில் அவுட்கோயிங் நின்றது. சில நாட்களில் இன்கமிங்கும் நின்றது. பணம் போடவில்லை என்றால் நாம் பேச முடியாது, அது நியாயம். அடுத்தவர் பணம் போட்டு நம்மைக் கூப்பிடுவதையும் ஏன் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

அக்காவின் வருமானம் முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய், கொஞ்சம் பால் காசு. 1200-ல் 199 என்பது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. என் மாணவர்கள் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 28 நாள் என்பது மாதம் அல்ல. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது வருடத்துக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். 13 பெருக்கல் 199, வருடத்துக்கு 2587 ரூபாய். வாரத்துக்கு இரண்டு தடவை தம்பியிடம் பேசுவதற்கு!

நான் 1978-ல் புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எனக்கு மாதம் இருபது ரூபாய் அனுப்பியவர் இந்த அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி 15 காசு கார்டில் எழுதி அனுப்புவார், எல்லாக் கார்டிலும் கடைசி வரி "பணம் பத்தலன்னா எழுது" என்பதுதான். அவருக்குப் பத்தவில்லை என்பதை அவர் எனக்கு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனைக்கும் என் போனில் சினிமா பார்க்கும் வசதியோடு பெரிய பிளான் ஓடுகிறது. அதில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கே 199 போட்டுவிட்டேன். முதலில் போன் அடிக்க வேண்டுமே. பிறகுதான் கம்பெனி மாற்றும் வேலையில் இறங்கினேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் செய்முறையைச் சொல்கிறேன்.

எண் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுவதும் இருக்கிறது. முதலில் அந்த ஊரில் புதிய கம்பெனியின் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மாறிவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய. பக்கத்து வீட்டுப் பையன் பிஎஸ்என்எல் வைத்திருந்தான். அவன் போனை வாங்கிக்கொண்டு அடுப்படி, கொட்டகை, கிணற்றடி என்று எல்லா இடத்திலும் நின்று பேசிப் பார்த்தேன். மாடு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. எல்லா இடத்திலும் கேட்டது.

அதன் பிறகு அக்காவின் போனிலிருந்தே, ஆங்கிலத்தில் போர்ட் என்ற சொல், ஓர் இடைவெளி, பத்து இலக்க எண் என்று டைப் செய்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினேன். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வந்தது. நம் ஊரில் அது நான்கு நாள் செல்லும். அதை யாராவது போனில் கேட்டால் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள், கடையில் நேரில் மட்டும் காட்டுங்கள். பழைய சிம்மில் மிச்சம் இருக்கும் பணம் புதியதற்கு வராது, அதனால் பிளான் முடியும் தறுவாயில் மாறுவது நல்லது. சிம் வாங்கித் தொண்ணூறு நாள் ஆகியிருக்கவும் வேண்டும்.

புதுக்கோட்டையில் பிஎஸ்என்எல் அலுவலகத்துக்கு ஆதார் அட்டையோடு அக்காவையும் அழைத்துப் போனேன். ரேஷன் கடையிலேயே அவருக்கு விரல்ரேகை விழாது. சாணி தட்டியும் களை பறித்தும் தேய்ந்த விரல்கள். இங்கே என்ன ஆகுமோ என்று பயந்தேன். போட்டோ எடுத்தாலே போதும் என்றார்கள். "பாட்டி, கண்ண மூடித் திறங்க" என்றது அந்தப் பெண். அக்கா மாவுக்கட்டுக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. "சாமி கும்பிடச் சொல்லல பாட்டி" என்றதும் அங்கே எல்லோருக்கும் சிரிப்பு.

மூன்று வேலை நாள் என்றார்கள். அதற்குள் ஒரு காலையில் பழைய சிம் செத்தது. பக்கத்து வீட்டுப் பையன் புதியதைப் போட்டுக் கொடுத்தான். அப்போது 107 ரூபாய்க்கு 35 நாள், 200 நிமிடம் பேச முடிந்தது. அந்தக் கணக்கில் வருடத்துக்குப் பதினொரு முறை போட்டாலும் 1177 ரூபாய்தான் வந்தது. பணம் நான் கட்டுகிறேன் என்றேன். "ரெண்டு மாசம் நீ கட்டு, ரெண்டு மாசம் நான் கட்டுறேன்" என்று பேரம் பேசி முடித்திருக்கிறார். முடிவுத் தேதியை என் காலண்டரில் சிவப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.

புதிய சிம்மிலிருந்து முதல் போன் காலை ஆறு மணிக்கே வந்தது. கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம், மாடு சினையாக இருக்கிறது, காதுகுத்துக்குச் செய்ய வேண்டிய முறையைத் தீபாவளிக்குச் செய்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னார். திடீரென்று நிறுத்தி, "தம்பி, எறநூறு நிமிசம்னியே, இப்ப எவ்வளவு போச்சு?" என்றார்.

"மூணு நிமிஷம்தான்க்கா. இன்னும் நூத்தித் தொண்ணூத்தேழு இருக்கு."

"சரி சரி, வைய்யி" என்று வைத்துவிட்டார்.