காகிதப் புரசு

கொல்கத்தாவின் குளிர் தில்லியின் குளிரைப்போல் கொடியதன்று. விடியற்காலையில் சிறிது நடுங்கச் செய்யும். வெயில் ஏறியதும் விலகிவிடும். ஆயினும் காவிரிக் கரையில் எழுபது ஆண்டு வாழ்ந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த முதியோர்க்கு அச்சிறு நடுக்கமும் பெரிதே. கம்பளிச் சால்வை போர்த்து, காலுறை அணிந்து, கதவடைத்த அறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே அவர்கள் அமர்ந்திருக்கும் காட்சியை இவ்விதழ் செல்லும் இல்லங்கள் பலவற்றில் காணலாம். எங்கள் இல்லத்திலும் அக்காட்சி இருந்தது.

எங்கள் இருவருள் ஒருவருக்கு அன்னையும் மற்றவருக்கு மாமியாருமான அம்மையார், திருவையாற்றை அடுத்த சிற்றூரை விட்டு 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்களோடு வந்தார். தந்தையார் மறைந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. லேக் மார்க்கெட்டுக்கு அருகே மூன்றாம் மாடியில் எங்கள் குடியிருப்பு. வாழையிலைக்கும் காப்பிப் பொடிக்கும் அங்கே குறைவில்லை. “நம் ஊரில் இருப்பது போலவே இருக்கிறது பாருங்கள், அம்மா” என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவரும் தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

ஊரில் அவர் மார்கழி முழுதும் நான்கு மணிக்கு எழுந்து, வாயில் தெளித்து, தெருவை அடைத்துக் கோலமிட்டவர். இங்கே வாயில் என்பது மூன்றடி மொசைக் தரை. லிப்டுக்குச் செல்வோர் அதனை மிதித்தே செல்ல வேண்டும். இடம் இருந்தாலும் குனிய முழங்கால் இடந்தராது. வலக்கையில் ஒரு நடுக்கமும் வந்திருந்தது. நாங்களோ அன்பென்று எண்ணிக்கொண்டு, காய் நறுக்குவது முதல் துணி மடிப்பது வரை அவர் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டோம். “நீங்கள் உட்காருங்கள்” என்பதே எங்கள் வீட்டில் மிகுதியாகப் பேசப்பட்ட சொல்லாயிற்று. தை பிறப்பதற்குள் அவர் பேச்சு மிகக் குறைந்துவிட்டது.

நம் பக்கத்தில் நவராத்திரியின் இறுதியில் வரும் சரசுவதி பூசை, வங்கத்தில் மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் நிகழ்வது. பெரியோர் நடத்தும் விழாவன்று அது. பள்ளிப் பிள்ளைகளே நன்கொடை திரட்டி, சிலை வாங்கி, பந்தலும் அமைப்பர். 2023ஆம் ஆண்டில் அது சனவரி 26ஆம் நாள், குடியரசு நாளன்றே அமைந்தது. அதற்குப் பத்து நாள் முன்னர் எங்கள் தெருச் சிறுவர் நால்வர் நன்கொடைச் சீட்டோடு வந்து நின்றனர். ஒருவன் கையில் பாதி ஒட்டிய காகிதச் சங்கிலி தொங்கியது. அம்மையார் உள்ளே சென்று, ஊரிலிருந்து கொண்டுவந்த இலந்தை வடையை எடுத்துவந்து நீட்டினார். பிள்ளைகள் பாம்பைக் கண்டவர் போல் பின்வாங்கினர். பூசை முடியும் வரை இலந்தைப் பழத்தைத் தொட்டால் தேர்வில் தேறமுடியாது என்பது வங்கத்து மாணவர் நம்பிக்கை. அதனை நாங்கள் விளக்கியபோது அம்மையார் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கண்டு பல வாரங்கள் ஆகியிருந்தன.

சிரித்தவர் அத்தோடு நிற்கவில்லை. அப்பையனிடமிருந்து ஒரு பச்சைத் தாளை வாங்கினார். பட்டத்துக்கான மெல்லிய தாள் அது. இந்நகரில் பட்டம் விடும் காலம் செப்டம்பரில் வரும் விசுவகர்மா பூசை. அப்போது வாங்கி எஞ்சியதைப் பிள்ளைகள் எடுத்துவந்திருந்தனர். தாளைச் சதுரமாக்கி, இரண்டாக, நான்காக, பின் மூலைவாட்டில் எட்டாக மடித்தார். கத்தரிக்கோல் கேட்டார். நடுங்கும் கையால் ஓரத்தில் நான்கைந்து வெட்டு வெட்டி விரித்தபோது, எட்டிதழ்த் தாமரை ஒன்று அவர் மடியில் மலர்ந்தது. பிள்ளைகள் “திதா, இன்னொன்று” என்றனர். திதா என்றால் பாட்டி. அச்சொல்லை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே சியால்தாவை அடுத்த பைட்டக்கானா கடைவீதிக்குச் சென்று காகிதம் வாங்கிவந்தோம். கொல்கத்தாவில் காகிதம் வேண்டுவோர் நாடிச் செல்லும் இடம் அது. பட்டத்தாளும், சுருக்கங்கள் ஓடும் கிரேப் தாளும் வாங்கினோம். முதியோர் கைக்கு இவ்விரண்டே ஏற்றவை என்பதைப் பின்னர் அறிந்தோம். தடித்த வரைதாளை எட்டாக மடித்தால் கத்தரிக்கோல் ஓடாது, விரல்மூட்டுத்தான் நோகும். பட்டத்தாளையோ பதினாறாக மடித்தாலும் வெட்டலாம். கிரேப் தாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் சுருக்கக் கோடுகள் இதழின் நீளவாக்கில் ஓடுமாறு வெட்டவேண்டும். அப்போதுதான் கட்டைவிரலால் நடுவில் அழுத்த, இதழ் உண்மைப் பூவினுடையதுபோல் குழியும். கோடுகள் குறுக்கே ஓடினால் எவ்வளவு அழுத்தினாலும் குழியாது.

பசை அம்மையாரே காய்ச்சினார். ஒரு கரண்டி மைதாவை ஐந்தாறு கரண்டி நீரில் கட்டியின்றிக் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும் வரை கிளறுவது. ஊரில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்களாம். அது நஞ்சு, சிறுவர் கை வைக்கும் இடமாதலால் வேண்டாமென்று அவரே விலக்கிவிட்டு, நாள்தோறும் புதுப்பசை காய்ச்சினார். அடுப்பங்கரையை அவர் மீண்டும் கைப்பற்றியது இவ்வாறுதான்.

கோலத்தைத் தாளில் கொணர்வது எளிதென்றே நாங்கள் நினைத்தோம். அவர் இரண்டு நாள் திணறினார். தரையில் இடும் கோலத்தில் புள்ளியும் இழையும் ஒன்றையொன்று தொடாமலே நிற்கலாம், தரை தாங்கிக்கொள்ளும். தாளில் ஏதேனும் ஒரு பகுதி மற்றதைத் தொடாவிட்டால் அது துண்டாய்க் கீழே விழுந்துவிடும். “அங்கே புள்ளி வைப்பது, இங்கே புள்ளி எடுப்பது” என்று மூன்றாம் நாள் அவரே கண்டு சொன்னார். துளையே புள்ளி, எஞ்சிய தாளே இழை. அதன்பின் ஊரில் இட்ட இருதய கமலம் கூட ஓரளவு தாளில் இறங்கிவிட்டது.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

பூசைக்கு முந்திய இரவு, முப்பது கோலத்தாள்களும் மேசைமேல் அடுக்கியிருந்தன. காலையில் அவை தெருப் பந்தலில் ஏறும். அண்டை அயலார் அனைவரும் காண்பர். கை நடுக்கத்தால் ஓரங்கள் பல இடங்களில் பல்லுப் பல்லாய் இருந்தன. அவர் உறங்கியபின் நாங்கள் இருவரும் கூரிய சிறு கத்தரிக்கோல் கொண்டு அமர்ந்து, நள்ளிரவு கழியும் வரை அவ்வோரங்களை நேராக்கினோம். அவருக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் எண்ணினோம். எங்கள் வீட்டுப் பொருள் குறையுடையதாய்க் காட்சிக்குப் போகலாகாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

காலையில் அம்மையார் ஒரு தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். பின் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, “இது என் கை இல்லையே, அப்பா” என்றார். கோபம் இல்லை. கத்தரிக்கோலைத் துடைத்துத் தையற்பெட்டியில் வைத்து மூடினார்.

பந்தலில் அவை அழகாகவே இருந்தன. பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். ஒவ்வொருவரும் அவரிடம் வந்து புகழ்ந்தபோது அவர் கைகூப்பினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம்முடையதல்லாத புகழை அவர் வாங்கிக்கொண்டு நிற்பதை நாங்கள் அருகில் நின்று பார்த்தோம். மன்னிப்புக் கேட்டோம். “அதனால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். அந்த ஆண்டு முழுவதும் பெட்டி திறக்கப்படவில்லை.

2024ஆம் ஆண்டு பூசை பிப்ரவரி 14ஆம் நாள் வந்தது. தை பாதி கழிந்திருக்கும். ஒரு பகற்பொழுதில் எதிர்வீட்டு மூதாட்டியோடு அவர் கூடத்தில் அமர்ந்திருக்கக் கண்டோம். அவருக்கு வங்காளி மட்டுமே தெரியும். இவருக்குத் தமிழ் மட்டுமே. நடுவே ஒரு புரசம் பூ கிடந்தது. வங்கத்தார் பலாசு என்பர். சரசுவதிக்கு உரிய பூ அதுவே. பனி விலகும் வேளையில் இலையுதிர்ந்த கிளையில் தீப்போல் பூப்பது. நகரில் மரம் அருகிவிட்டமையால் கடைவீதியில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கிளிமூக்குப்போல் வளைந்த இதழுடையதால் வடமொழியில் அதற்குக் கிம்சுகம் என்று பெயர், ‘கிளியோ?’ என்று பொருள் சொல்வர். அம்மையார் அப்பூவைப் பிரித்து இதழ் இதழாய்த் தாள்மேல் வைத்துப் பென்சிலால் கோடிழுத்துக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும், “செம்மஞ்சளில் கிரேப் தாள் வேண்டும்; ஆனால் நீங்கள் யாரும் தொடக்கூடாது” என்றார். ஒப்புக்கொண்டோம்.

இதழை வெட்டி, ஊசியின்மேல் சுற்றி வளைத்து, காம்பில் ஒட்டுவது. ஒரு பூவுக்கு அவருக்கு அரைமணி ஆயிற்று. எதிர்வீட்டு அம்மாள் வேகமாகச் செய்தார். எனினும் இவர் பூவைத் தொட்டுத் திருத்தவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். தம் இளமையில் மணமகனின் டோப்பர் மகுடம் செய்வோர் வீட்டருகே வாழ்ந்ததாக அவ்வம்மாள் சொன்னதைச் சிறுவர் மொழிபெயர்த்தனர். அம்மகுடம் செய்யும் சோலாத் தண்டு நம் தஞ்சாவூர் நெட்டிதான் என்று தெரிந்ததும் அம்மையாருக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெரிய கோயிலை நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பதைக் கையால் வரைந்து வரைந்து காட்டினார். எவ்வளவு புரிந்ததோ, அவ்வம்மாள் தலையசைத்தார்.

நாற்பத்தோரு பூக்கள் பந்தலில் ஏறின. ஓரங்கள் பல்லுப் பல்லாய்த்தான் இருந்தன. ஒன்றிரண்டு பசை விட்டு விழுந்தன. பிள்ளைகள் எடுத்து மீண்டும் ஒட்டினர். அந்த ஆண்டு எங்கள் தெருவில் யாரும் பெரிதாகப் புகழ்ந்ததாக நினைவில்லை. ஒரு சிறுமி மட்டும், இப்பூவை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு மறுநாள் மாடியேறி வந்தாள்.

அவற்றுள் எஞ்சிய மூன்று இன்று எங்கள் வாயில்நிலைமேல் தொங்குகின்றன. செம்மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிட்டது. எடுத்துவிடலாமா என்று கேட்டோம். புதியன வரும் வரை இருக்கட்டும் என்றார். உண்மைப் பூவின் புல்லிவட்டம் வெல்வெட்டுப்போல் கருத்திருக்குமாம். தாம் அதனைப் பச்சைத்தாளில் செய்தது தவறாம். அடுத்த ஞாயிறு பைட்டக்கானாவுக்குப் போகும்போது கருந்தாள் ஆறு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.