வேரின் சுற்றம்

பூவிருந்தவல்லி என்னும் ஊர்ப்பெயரிலேயே பூ இருக்கிறது. திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்துக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்கு எடுத்துச் சென்றார் என்பது வைணவ மரபு. சற்று வடக்கே திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானையைக் காலில் சுற்றி நிறுத்தியது அங்கே படர்ந்திருந்த முல்லைக்கொடி என்று தலபுராணம் கூறும். செடிகொடிகளைத் தன் பெயர்களில் சுமந்து நிற்கும் நிலம், சென்னையின் மேற்குப் புறநகர்.

இன்று அந்நிலத்தில் மனை வாங்குவோர் முதலில் செய்யும் வேலை, அதை மேடாக்குவதே. மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானது. லாரி லாரியாகச் சவுடு வந்து இறங்குகிறது. இடித்த வீடுகளின் செங்கல் துண்டும் சிமெண்டுக் காரையும் அதனோடு சேர்கின்றன. அம்மேட்டின்மீது வீடு எழுகிறது. புதுமனை புகுந்த மகிழ்ச்சியில் வாயிலருகே புங்கங்கன்று ஒன்று நடப்படுகிறது. அதற்குக் கம்பிக் கூண்டும் வைக்கப்படுகிறது. அடுத்த கோடை கழியும்போது பல தெருக்களில் கூண்டு நிற்கும், கன்று இராது. தண்ணீர் ஊற்றவில்லை என்பர். பெரும்பாலும் அதுவே உண்மை. ஆயினும் நாள்தவறாது நீர் ஊற்றியும் ஈராண்டாக முழங்கால் உயரத்தைத் தாண்டாத கன்றுகளும் உண்டு. அவற்றுக்கு என்ன குறை?

இவ்வினாவுக்கான விடையின் தொடக்கம் தொலைவில், ஜெர்மனியின் காடுகளில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரஷ்ய அரசு, ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் என்னும் தாவரவியலாளரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளான். உணவுச் சுவைஞர்கள் பெருவிலை கொடுத்து வாங்குவது. அதைப் பயிரிட இயலுமா என அவர் கண்டறிய வேண்டும். பயிரிடும் வழி பிராங்குக்குக் கிட்டவில்லை. கிட்டியது அதனினும் பெரிது. ஓக் எனப்படும் கருவாலி முதலான மரங்களின் நுனிவேர்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விரலுக்கு உறை மாட்டியதுபோல் வேர்நுனிகளைப் பூஞ்சை இழைகள் மூடியிருந்தன. நோய் என்று எண்ணத்தக்க காட்சிதான். ஆனால் மரங்கள் நலமாக இருந்தன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்துகளையும் மரத்துக்குக் கொணர்கிறது, மரம் பூஞ்சைக்கு உணவளிக்கிறது என்று 1885இல் அவர் எழுதினார். பூஞ்சை, வேர் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவ்வுறவுக்கு ‘மைக்கோரைசா’ எனப் பெயரும் இட்டார். அக்காலத்து அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. பூஞ்சை என்றாலே அழிவு என்று பழகிய மனங்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

இவ்வுறவின் கணக்கு வியப்புக்குரியது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதை உறிஞ்சியபின் அங்கே வெறுமையே எஞ்சும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள பூஞ்சை இழையோ வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளில் நுழைந்து, அப்பாலுள்ள சத்தைத் திரட்டி வருகிறது. கைம்மாறாக மரம், ஒளிச்சேர்க்கையில் ஈட்டியதில் இருபதில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கொடுக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறு கொடையன்று.

நம் சமவெளியில் கருவாலி இல்லை. ஆனால் வேம்பும் புங்கனும் பனையும் முல்லையும் இத்தகைய உறவு உடையவையே. இங்குள்ள பூஞ்சை வேருக்கு உறையாக நில்லாமல், வேரின் உயிரணுக்களுக்குள் புகுந்து மரம்போல் கிளைத்து வாழ்கிறது. தமிழக உழவர்கள் ‘வேம்’ என்றும் ‘வேர் உட்பூசணம்’ என்றும் அறிந்து வாங்குவது இதனையே. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலும் இப்பூஞ்சை காணப்படுகிறது. அத்தாவரங்களுக்கு முறையான வேரே இல்லை. வேர் தோன்றும் முன்பே அதன் சுற்றம் வந்து காத்திருந்தது போலும்!

புறநகரின் கட்டட வேலைகளில் முட்டாகவும் சாரமாகவும் நிற்கும் சவுக்குக் கழியைக் காணாதார் இலர். ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியக் கடற்கரைகளைச் சேர்ந்த இம்மரம், புகைவண்டிகளுக்கு விறகு தேவைப்பட்ட 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் கரையோர மணலில் பெருமளவு பயிரிடப்பட்டது. சத்தற்ற மணலில் அது செழிப்பதன் மறைபொருள் வேரில் இருக்கிறது. பவளக்கொத்துப் போன்ற முடிச்சுகளில் ஒரு நுண்ணுயிர் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உரமாக்கித் தருகிறது. அதன் பெயர் பிராங்கியா. கருவாலியின் வேரை ஆராய்ந்த அதே பிராங்கின் நினைவாக, 1886இல் புரூன்கோர்ஸ்ட் என்பவர் சூட்டிய பெயர். அத்தகைய நுண்ணுயிரை வேரிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வளர்க்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இந்நுண்ணுயிரைச் சவுக்கு நாற்றுகளுக்கு ஊட்டுவது பற்றி ஆய்வு செய்துவருகிறது. மண்ணின் உறவுகளை நம்பி வளர்ந்த மரத்தின் கழிகள், அவ்வுறவுகள் புதைக்கப்படும் மனைகளில் கூரையைத் தாங்கி நிற்கின்றன.

உறவு இல்லாவிடில் என்ன நேரும் என்பதைப் போர்ட்டோ ரிக்கோ தீவு காட்டியது. அங்குப் பைன் மரம் வளர்க்கப் பல்லாண்டுகள் முயன்றனர். விதை முளைக்கும், கன்று மஞ்சளித்து நின்றுவிடும். 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரத்தடியிலிருந்து மண் கொண்டுவந்து நாற்றுகளுக்கு இட்டனர். அந்நாற்றுகள் பச்சை பிடித்து எழுந்தன. உரமோ நீரோ செய்யாததை, பூஞ்சை வாழ்ந்த மண் செய்தது.

சவுடு கொட்டிய மனையின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. ஆழத்திலிருந்து வெட்டிய மண் வேரைக் கண்டதில்லை. வேரின்றி வாழ இயலாத உட்பூசணம் அதில் மிக அரிது. காரைத்துண்டுகளின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, இருக்கும் மணிச்சத்தையும் பிணித்துவிடுகிறது. லாரியின் எடையால் இறுகிய மண்ணில் காற்றும் புகாது. பழைய உயிர்மண் அவ்வளவுக்கும் கீழே, இரண்டு மூன்றடி ஆழத்தில் மூச்சடங்கிக் கிடக்கிறது. புங்கனுக்கு இழப்பு இரட்டிப்பு. உட்பூசணத்தோடு, அதன் வேர்முடிச்சில் தங்கி நைட்ரஜன் தரும் ரைசோபியமும் அங்கே அருகியிருக்கும்.

மரங்கள் பூஞ்சை வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் கன்றுக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் அண்மைக்காலத்தில் எழுதப்படுகிறது. இனிய கற்பனை, எனினும் அதற்கான சான்று காடுகளில் இன்னும் போதிய அளவு இல்லை என 2023இல் அறிவியலாளர் சிலர் எச்சரித்துள்ளனர். சவுட்டு மனையில் வாடும் கன்றுக்கு அக்கதை தேவையுமில்லை. அதற்கு வேண்டியது ஒரு கூடை மண்.

அம்மண் இன்னும் இருக்கிறது. கோயில் நந்தவனங்களிலும், அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிக்கரைகளின் பழைய மரங்களின் நிழலிலும் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து வருவதைவிட, மனையிலேயே அதைக் காப்பது எளிது. சவுடு கொட்டுவதற்கு முன் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து, மனையின் மூலையில் குவித்து, அதன்மேல் தட்டைப்பயறோ சணப்போ விதைத்துவிட்டால், வீடு கட்டி முடியும்வரை அவற்றின் வேர்களில் பூஞ்சை உயிரோடிருக்கும். கன்று நடும் நாளில் குழியை அம்மண்ணால் நிரப்பலாம். மேஸ்திரியிடம் இதை முதல் லாரி வருவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.