யவனர் குடமும் முண்டியம்பாக்கத்துக் கரும்பும்

முண்டியம்பாக்கம் என்ற பெயரை நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ ரயிலில் போகும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும், "விழுப்புரம் வந்துவிட்டது, பிளாஸ்கை எடு" என்று வண்டிக்குள் பரபரப்பு ஏற்படுமே, அந்தச் சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மஞ்சள் பலகை ஓடி மறையும். அதுதான் முண்டியம்பாக்கம். வேகமாகப் போகிற வண்டிகள் அங்கே நிற்பதில்லை, நாமும் இறங்குவதில்லை.

பிரெஞ்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றியும், அங்கே விளையும் மதுவைப் பற்றியும் படிக்கிறபோது, "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே! முண்டியம்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போனால், இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு ஐரோப்பாவின் திராட்சை மது கப்பலில் வந்து இறங்கிய துறைமுகத்துக்கே போய்விடலாம். அந்த வழியில்தான் இப்போது உங்களை அழைத்துப் போகப் போகிறேன். துணைக்கு என் அத்தையும் வருகிறாள். வழியில் ஒரு கோயில் உண்டு என்று சொன்னதால்தான் வரச் சம்மதித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முண்டியம்பாக்கத்தில் திராட்சைக் கொடி கிடையாது. இங்கே கரும்புதான் ராஜா. அரவைக் காலத்தில் வந்தால், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். காற்றில் வெல்லம் காய்ச்சுகிற வாசனையும், அதற்கடியில் சற்றுப் புளித்த வாசனையும் கலந்து வரும். அந்தப் புளித்த வாசனையில்தான் நம் கதை இருக்கிறது.

ஒரு டன் கரும்பைப் பிழிந்து காய்ச்சினால் ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ சர்க்கரை கிடைக்கும். அதோடு, என்ன செய்தாலும் சர்க்கரையாகப் படிய மறுக்கிற கறுப்புப் பாகு 40 கிலோவுக்கு மேல் மிஞ்சும். மொலாசஸ் என்பது இதைத்தான். இதில் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்தால், ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். அதைக் காய்ச்சி வடித்தால் எரிசாராயம். பிரான்ஸில் திராட்சைச் சாறு ஒயின் ஆவதும் இதே ஈஸ்ட்டின் கைங்கரியந்தான். வித்தியாசம் என்னவென்றால், ஒயினை வடிப்பதில்லை. சாறு புளித்ததும் அப்படியே தெளியவிட்டு வைக்கிறார்கள். அதனால் அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான் சாராயச் சத்து இருக்கும்.

முண்டியம்பாக்கத்தில் இன்னொரு பெரிய ஸ்தாபனமும் உண்டு. 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும். விழுப்புரம் ஜில்லா முழுவதுக்கும் இதுதான் பெரியாஸ்பத்திரி. 2023-ஆம் வருஷம் மே மாதம், மரக்காணத்துக்குப் பக்கத்திலுள்ள எக்கியார்குப்பம் என்கிற மீனவ கிராமத்தில் விஷச் சாராயம் குடித்துத் துடித்தவர்களில் பலரை இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். பத்துப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. அவர்கள் குடித்தது சாராயமே அல்ல. தொழிற்சாலையில் உபயோகிக்கிற மெத்தனால். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உள்ளே போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கி, பிறகு உயிரும் போகும்.

"கண்ணைப் பறிக்குமா?" என்று அத்தை கேட்டாள். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

அத்தை ஆசைப்பட்ட கோயில் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பனையபுரத்தில் இருக்கிறது. திருஞான சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர் இதுதான். சுவாமி பனங்காட்டீசுவரர், தல விருட்சம் பனைமரம்! கள்ளுக்கடை ஞாபகத்தோடு பனைமரத்தைப் பார்க்கிறவர்கள், அதைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற ஊரையும் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும். நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, நார் என்று அந்த மரம் தருகிற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கள்ளை மாத்திரம் நினைப்பது மரத்தின் குற்றமா, நம் குற்றமா?

சித்திரை மாதம் முதல் ஏழு நாட்கள் காலை வெயில் நேராகச் சந்நிதிக்குள் வந்து விழும். தட்சனுடைய யாகத்தில் ஒளி இழந்த சூரியன் இங்கே வந்து வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றான் என்பது தலபுராணம். அதனால் சுவாமிக்கு நேத்திரோத்தாரகேசுவரர் என்றும் ஒரு பெயர். கண் கோளாறு உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அத்தை அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தபோது குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். அத்தை எங்கள் வீட்டுப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் குப்பத்து ஜனங்கள் பெயருக்குச் செய்யுங்கள், சுவாமி" என்றாள்.

பனையபுரத்திலிருந்து திருக்கனூர் வழியாகப் போனால் ஒரு வேடிக்கை. திருக்கனூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. இன்னும் சிறிது தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி! பாயில் கோரையும் சாயக் கோரையும் பின்னினாற்போல் எல்லைகள் பின்னிக் கிடக்கின்றன. சென்னை மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சுக் கொடி பறந்த பகுதிகளில் விலக்கு கிடையாது. வரப்பைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மதுவுக்கான சட்டம் மாத்திரம் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவில்லை.

புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களில் நடந்தால், மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும், தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய தெருப்பெயர்களும் கண்ணுக்கு விருந்து. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் என்பது சாப்பாட்டோடு சேர்ந்தது. போர்தோ நகரைச் சுற்றிலும் உள்ள தோட்டங்களில், சரளைக் கல் மண்ணில், இடுப்பளவு உயரத்துக்குக் கொடிகளை வரிசையாக நட்டிருப்பார்கள். வளமான மண் கூடாதாம். கஷ்டப்பட்டு வேர்விட்ட கொடியின் பழத்தில்தான் ருசி அதிகம். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி உறங்கும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. தோட்டத்தையும் அதன் வீட்டையும் சேர்த்து "ஷாத்தோ" என்பார்கள். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக அந்தத் தோட்டங்களைத் தரம் பிரித்து ஒரு ஜாபிதா போட்டார்கள். இன்றைக்கும் அந்த ஜாபிதாவுக்குத் தனி மதிப்பு. பாட்டிலின் வருஷத்தைப் பார்த்து, கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்து, முகர்ந்து, பிறகு ஒரு வாய் அருந்துவது அங்கே ஒரு கலை.

இதையெல்லாம் நான் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது அத்தை குறுக்கிட்டாள். "பாட்டிலுக்கு எத்தனை வயசு என்று கேட்கிறார்களே, குடிக்கிறவனுக்கு எத்தனை வயசு என்று கேட்கிறார்களா?"

அத்தையின் கேள்விக்குப் பதில் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாட்டோடு குழந்தைகளுக்கு ஒயின் கொடுக்கிற வழக்கம் இருந்தது. பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 1956-ல்தான் தடுத்தார்கள். மது விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டு 1991-ல் ஒரு சட்டமும் வந்தது. ஒயினைக் கலையாக வளர்த்த தேசத்திலும் குடும்பங்கள் அழாமல் இல்லை என்பதற்கு இந்தச் சட்டங்களே சாட்சி.

இனி அரிக்கமேட்டுக்குப் போகலாம். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, காக்காயந்தோப்புப் பக்கம் திரும்ப வேண்டும். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த மேடு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் செங்கல் தூண்கள் நிற்கின்றன. தோண்டிய குழிகளை மூடிவிட்டபடியால் வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. விறகு பொறுக்க வந்த ஓர் அம்மாள், "என்னாத்தப் பாக்கறீங்க? இங்க ஒண்ணும் இல்லியே!" என்று எங்களுக்காகப் பரிதாபப்பட்டாள்.

ஆனால் அந்த மண்ணுக்கடியில் இருந்தது கொஞ்சமல்ல. மழை பெய்தால் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி எடுக்கும் வண்ண மணிகளைக் கண்டு, 1930-களில் ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் இந்த இடத்தின் பெருமையை ஊகித்தார். 1944-ல் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை மியூசியத்தில் ஒரு மண்குடத்தின் உடைந்த கழுத்தைக் கண்டு திடுக்கிட்டார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்புகிற குடம்! எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கு வந்தார். 1945-ல் இங்கே தோண்டினார். அவருக்குப் பின் கஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையாரும் தோண்டினார்கள்.

குடம் என்றால் நம் குடம் போல அல்ல. இரண்டு காது, நீண்ட கழுத்து, அடியில் கூர்முனை. கப்பலுக்குள் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்க வசதியான உருவம். ரோமானியர்களின் அளவுப்படி ஒரு குடம் என்பது ஏறக்குறைய 26 லிட்டர். கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். குடத்தின் மண்ணையும் வடிவத்தையும் ஆராய்ந்த எலிசபெத் வில் என்ற பெண்மணி, கிரேக்கத்துக் காஸ் தீவிலிருந்தும் இத்தாலியின் கம்பானியா பிரதேசத்திலிருந்தும் இவை வந்தன என்று கண்டார். யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டிய மன்னனுக்குப் பொற்கிண்ணத்தில் வார்ப்பதைப் பற்றிப் புறநானூறு பேசுகிறதே, அதற்கு இந்த ஓடுகள் அத்தாட்சி. அதே மண்ணில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன.

காஸ் தீவு மதுவில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கம் என்று நான் சொன்னதும் அத்தை மோவாயில் கை வைத்தாள். "உப்புத் தண்ணீரா! அதற்காகவா நம்மவர்கள் மணியையும் மஸ்லின் துணியையும் கொடுத்தார்கள்?"

யவனர்களுக்கும் அப்படியொரு வயிற்றெரிச்சல் இருந்தது, அத்தை! இந்தியச் சரக்குகளுக்காக வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்கள் போய்விடுகின்றன என்று ரோமாபுரியின் பிளினி புலம்பியிருக்கிறார். அவர்களுக்கு நம் ஆடம்பரம் நஷ்டம். நமக்கு அவர்கள் ஆடம்பரம் நஷ்டம். நடுவில் மணி கோத்த பெண்களின் கைக்கு என்ன கிடைத்தது என்பதை எந்த ஓடும் சொல்லவில்லை. இங்கே கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மேட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் அங்கே போய்ச் சமாதானம் அடையலாம்.

பிரெஞ்சுத் தொடர்புள்ள திராட்சை நம் நாட்டிலேயே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்லுகிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊரில் குளிர்காலத் தூக்கம் கொடிக்குக் கிடையாது. பந்தலில் படரவிட்டு, கவாத்து செய்தே காய்க்க வைக்கிறார்கள். பழமாகவே தின்னலாம், சாறு பிழியலாம், ஜாம் கிளறலாம்.

கடைசியாக, வீட்டை ஆளுகிற உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ, உங்களிடம் வேலை செய்கிறவர்கள் வீட்டிலோ, குடித்து வந்த ஒருவர் மறுநாள் "கண் மங்குகிறது, எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது, வயிற்றைப் புரட்டுகிறது" என்று சொன்னால், தூங்கினால் தெளிந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மெத்தனால் உடனே தன் குணத்தைக் காட்டாது. பன்னிரண்டு மணி, இருபத்து நாலு மணி நேரங்கூட ஒளிந்திருக்கும். மானம் போகுமே என்று மறைக்கவும் வேண்டாம். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடித்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் உண்டு. நேரத்தோடு போனால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

இதை எழுதும்படி சொன்னதே அத்தைதான். "குடத்தைப் பற்றி எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள். ஆனால் இதை எழுதாமல் விட்டுவிடாதே" என்றாள்.